கிராபிக்ஸ் கார்டின் முறையீடு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

முன்னுரை

அறிவியல் வளர வளரக் கருவிகளின் ஆற்றல் வளர்கிறது; ஆற்றல் வளர வளர அவற்றின் பசியும் வளர்கிறது. 1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தனது முதல் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அந்தப் பெட்டி முழுவதற்கும் மின்சாரம் வழங்கிய சப்ளையின் அளவு 63.5 வாட் மட்டுமே. நம் வீட்டுக் கூடத்தில் சுழலும் சாதாரண மின்விசிறிக்கு ஆகும் அளவுகூட அது இல்லை. இன்றோ கணிப்பொறிக்குள் இருக்கும் ஓர் உறுப்பு மட்டுமே அதைப்போல் இரண்டு, மூன்று, ஏழு மடங்கு மின்திறனை விழுங்குகிறது. அந்த உறுப்புதான் திரையில் படங்களை வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டு.

இக்கார்டு பொருத்திய கணிப்பொறியை இயக்கும்போது சில நேரங்களில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி தோன்றும். "கணிப்பொறியை நிறுத்திவிட்டு, இந்தக் கார்டுக்குரிய மின்கேபிளை இணைக்கவும்" என்பது அதன் பொருள். கேபிளோ இணைத்தபடியே இருக்கும். பார்ப்பவர் திகைப்பார். "கார்டு போய்விட்டது" என்று யாரேனும் சொல்ல, பல மாதச் சேமிப்பு புதிய கார்டுக்குப் போய்விடும். இச்செய்தி ஏன் வருகிறது, அதன் பின்னுள்ள பௌதிகம் யாது, பொருளை வீணாக்காமல் குறையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். ஓம் விதியும் லாஜிக் கேட்டுகளும் தெரிந்த எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

கார்டு உணவு பெறும் வழிகள்

கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி மதர்போர்டில் கார்டு செருகப்படும் நீண்ட பள்ளம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும் இப்பள்ளம் அதிக அளவாக 75 வாட் தரும். இதில் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியரும், 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியரும் அடங்கும். பெருக்கிப் பார்த்தால் 66 வாட்டும் ஏறக்குறைய 10 வாட்டும் வரும்.

சிறிய கார்டுகளுக்கு இதுவே போதும். எடுத்துக்காட்டாக, ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்ற கார்டின் தேவை 75 வாட். ஆகவே அந்த வகையில் பல கார்டுகளுக்குத் தனிக் கேபிளே கிடையாது. ஆனால் ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பரின் தேவை 125 வாட், ஆர்.டி.எக்ஸ். 3060-இன் தேவை 170 வாட். இவற்றுக்குப் பள்ளம் தருவது போதாது. எனவே எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து நேராக வரும் கேபிள் இரண்டாவது வழியாகிறது.

இந்தக் கேபிளின் முனையில் ஆறு துளைகள் இருந்தால் அது 75 வாட் வரையிலும், எட்டுத் துளைகள் இருந்தால் 150 வாட் வரையிலும் தரக்கூடியது என்பது ஏற்பாடு. பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ்.களில் இது ஆறும் இரண்டுமாகப் பிரிந்த கனெக்டராக இருக்கும். ஆறு துளைக் கார்டு என்றால் ஆறு மட்டும் செருகலாம். எட்டுத் துளைக் கார்டு என்றால் இரண்டையும் சேர்த்துச் செருகவேண்டும்.

எட்டு ஒயர்களும் எட்டுப் பணிகளும்

எட்டு முனைக் கனெக்டரில் ஒரு வரிசையில் உள்ள மூன்று ஒயர்கள் 12 வோல்ட் கொண்டு வருகின்றன. இவை வழக்கமாக மஞ்சள் நிறம். மீதமுள்ள ஐந்தும் கறுப்பு, அவை கிரவுண்டு. இங்கே ஒரு கேள்வி எழும். போவதற்கு மூன்று ஒயர் என்றால் திரும்புவதற்கும் மூன்றுதானே வேண்டும்? ஐந்து எதற்கு?

விடை இதுதான். அந்த ஐந்தில் இரண்டு, மின்னோட்டத்தைச் சுமப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. அவை சாட்சி சொல்வதற்காக வைக்கப்பட்டவை. கனெக்டரின் 4-ஆம் முனையும் 6-ஆம் முனையும் அறிமுனைகள் எனலாம். கேபிளின் பக்கத்தில் இவ்விரண்டும் கிரவுண்டுடன் இணைந்திருக்கும். கார்டின் பக்கத்தில் ஒவ்வொன்றும் ஒரு மின்தடையின் வழியாகச் சிறு நேர் மின்னழுத்தத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். கேபிள் செருகப்படாதபோது அறிமுனை உயர்நிலையில், அதாவது லாஜிக் 1-இல் இருக்கும். செருகியவுடன் கிரவுண்டைத் தொட்டு லாஜிக் 0-க்கு இறங்கும். நாம் எலெக்ட்ரானிக்ஸ் செய்முறை வகுப்பில் ஒரு சுவிட்சையும் மின்தடையையும் வைத்து கேட்டுக்கு உள்ளீடு கொடுக்கிறோமே, அதே அமைப்புதான்.

இரண்டு அறிமுனைகளையும் சேர்த்துக் கார்டு இவ்வாறு முடிவு செய்கிறது:

1. இரண்டும் கிரவுண்டில் இருந்தால்: எட்டு முனைக் கேபிள் செருகப்பட்டுள்ளது, 150 வாட் எடுக்கலாம்.
2. 6-ஆம் முனை மட்டும் கிரவுண்டில் இருந்தால்: ஆறு முனைக் கேபிள்தான் செருகப்பட்டுள்ளது, 75 வாட் மட்டுமே எடுக்கலாம்.
3. இரண்டும் திறந்திருந்தால்: கேபிளே இல்லை.

மூன்றாவது நிலையிலும், எட்டு முனை கட்டாயம் தேவைப்படும் கார்டுகளில் இரண்டாவது நிலையிலும், கார்டு வேலை செய்ய மறுத்து முறையிடுகிறது. கார்டுகள் எல்லாம் ஒரே மாதிரி செய்யப்படுவதில்லை. சிலவற்றில் செய்தி தோன்றாமல், கனெக்டரின் அருகில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். தத்துவம் ஒன்றே.

மின்சாரம் இல்லாமல் எப்படிப் பேசுகிறது?

"கேபிளில் மின்சாரம் வரவில்லை என்றால், அந்தச் செய்தியைத் திரையில் எழுதுவது யார்?" என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பள்ளத்திலிருந்து வரும் 75 வாட் இருக்கிறதல்லவா? நான்கு வரி எழுத்தைக் காட்ட அதுவே தாராளம். அச்செய்தி கார்டிலேயே உள்ள ஒரு சிறு நினைவகச் சில்லில் முன்னரே பதிக்கப்பட்டது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே அது தோன்றிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, செய்தியை எழுதும் அளவுக்குக் கார்டின் சில்லும் நினைவகமும் உயிரோடுதான் இருக்கின்றன. இரண்டு, விண்டோஸை அழித்து மறுபடி போடுவதாலோ, டிரைவரை மாற்றுவதாலோ இக்குறை தீராது. அதற்குக் கூலி கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

மற்றோர் உண்மை இவற்றினும் முக்கியமானது. இச்செய்தியைத் தருவதற்குக் கார்டு பெரும்பாலும் 12 வோல்ட்டை அளந்து பார்ப்பதில்லை, அறிமுனையைத்தான் பார்க்கிறது. ஆகவே 12 வோல்ட் சரியாக வந்துகொண்டிருக்கும்போதே இச்செய்தி வரலாம். மாறாக, எஸ்.எம்.பி.எஸ். நலிந்திருந்தால் பெரும்பாலும் இச்செய்தி வராது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுமை ஏறும் நேரத்தில், கணிப்பொறி திடீரென்று அணைந்து மீண்டும் எழும். தொடக்கத்திலேயே செய்தி வந்தால் இணைப்பைப் பார். நடுவில் அணைந்தால் சப்ளையைப் பார். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் ஊரில் என் தாய்மாமன் ஒரு சிறிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். திருமண வீடியோக்களை வெட்டி ஒட்டி முடிப்பதும், ஆல்பம் வடிவமைப்பதும் அங்கே ஒரே ஒரு கணிப்பொறியில்தான் நடக்கும். சென்ற தை மாதத்தில், நான்கு திருமணங்களின் வேலை கையில் இருந்தபோது, மேற்சொன்ன செய்தி திரையில் வந்து நின்றது. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து, மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டரை வைத்து, "12 வோல்ட் நல்லா வருது, அப்போ கார்டுதான் போச்சு" என்று கூறிச் சென்றார். புதிய கார்டு வாங்கினால் அந்தப் பருவத்தின் வருமானம் முழுவதும் அதற்கே போய்விடும். வாங்கிய முன்பணமோ ஏற்கெனவே செலவாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "ஏம்மா, நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே, ஒரு தடவை பாத்துச் சொல்லும்மா" என்றார் மாமா. எங்கள் துறைப் பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்து மல்டிமீட்டர் ஒன்றை வாங்கிச் சென்றேன்.

கணிப்பொறியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்தோம். ஒரு முனையைக் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பில் தொட்டுக்கொண்டு, மறு முனையைக் கறுப்பு ஒயர்களின் துளைகளில் ஒவ்வொன்றாக வைத்தோம். நான்கில் மீட்டர் ஒலித்தது. ஐந்தாவதில், அதாவது தனியாகப் பிரியும் இரட்டைக் கனெக்டரில் உள்ள 4-ஆம் முனையில், ஒலிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், மற்றத் துளைகளில் உலோகம் விளிம்புக்கு அருகில் பளபளத்தது. அதில் மட்டும் உள்ளே தள்ளிப் போயிருந்தது. கேபிளைப் பலமுறை கழற்றி மாட்டியதில் உலோக முனையைப் பிடித்து நிறுத்தும் சிறு நாக்கு நழுவியிருக்கிறது. செருகும்போதெல்லாம் அது பின்னுக்குப் போய்விடுகிறது. அறிமுனை கிரவுண்டைத் தொடவில்லை. கார்டு தன் கடமைப்படி முறையிட்டிருக்கிறது.

நாக்கைச் சற்று நிமிர்த்தி, ஒயரைப் பின்புறமிருந்து 'கிளிக்' என்று ஒலிக்கும்வரை அழுத்தினோம். ஒயரை மெல்ல இழுத்துப் பார்த்தோம், நகரவில்லை. மீண்டும் மாட்டி இயக்கியபோது செய்தி வரவில்லை. மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கா இருபது நாள் தூக்கம் போச்சு!" என்றார். பழுது பார்த்தவர் அளந்தது பிழையன்று. மின்சாரம் வரும் ஒயரை அளந்தார். சாட்சி சொல்லும் ஒயரை அளக்கவில்லை. அவ்வளவே வேறுபாடு.

குறை காணும் முறை

இனி, இச்செய்தி தோன்றினால் செய்ய வேண்டியவற்றை எளிதிலிருந்து அரிதுக்கு என்ற வரிசையில் தருகிறேன்.

1. முதலில் பாதுகாப்பு. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்துங்கள். எஞ்சிய மின்னூட்டம் வடியும். உள்ளே கை வைக்குமுன் கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகும்போது அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். அதை மின்தேக்கிகள் அணைத்த பின்னும் வைத்திருக்கும்.

2. கனெக்டரைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். கிளிப், கார்டின் பற்றுக்கொம்பில் மாட்ட வேண்டும். ஆறும் இரண்டுமாகப் பிரிந்த கனெக்டர் என்றால் இரண்டையும் ஒட்டிச் சேர்த்து ஒரே அழுத்தில் செருகவேண்டும். இரட்டைத் துண்டு பாதியில் நிற்பதே இக்குறைக்கு மிகவும் வழக்கமான காரணம்.

3. கார்டில் இரண்டு கனெக்டர்கள் இருந்தால் இரண்டிலும் கேபிள் உண்டா என்று பாருங்கள். ஒன்று போதும் என்று விட்டுவிடக் கூடாது.

4. கார்டையே பள்ளத்திலிருந்து எடுத்து மீண்டும் பொருத்துங்கள். கனமான கார்டுகள் தம் எடையால் ஒரு பக்கம் தொங்கி நிற்கும்.

5. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்திலும் கழற்றக்கூடிய கேபிள் என்றால் அந்த முனையையும் அழுத்திப் பாருங்கள். வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வந்த கேபிளை இதற்கு மாட்டக் கூடாது. கார்டின் பக்கத்து அமைப்புக்குப் பொதுவிதி உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வடிவம் பொருந்தும்; ஒயர் வரிசை பொருந்தாது.

6. துளைகளை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உள்வாங்கிய உலோகம், கருகிய பிளாஸ்டிக், வளைந்த முனை, தூசி ஆகியவை கண்ணுக்கே தெரியும்.

7. தொடர்ச்சிச் சோதனை. முன்னர் சொன்னபடி ஐந்து கிரவுண்டு முனைகளும் ஒலிக்க வேண்டும். இக்காலத்துக் கேபிள்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருப்பதுண்டு. அப்போது நிறத்தை நம்பாமல் இடத்தை எண்ணிப் பாருங்கள்.

8. மின்னழுத்தச் சோதனை. இது அனுபவமுள்ளவர் துணையோடு செய்யத் தக்கது. 12 வோல்ட் முனைகளில் 11.4-க்கும் 12.6-க்கும் இடைப்பட்ட அளவு வரவேண்டும். இது 5 சதவீத ஏற்ற இறக்கம்.

9. இவை அனைத்தும் சரியாக இருந்து, சரியென்று தெரிந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் அதே செய்தி வந்தால்தான் குறை கார்டில் உள்ளது என்று கொள்ளவேண்டும். அங்கும்கூடக் கனெக்டரின் சாலிடர் விட்டிருக்கலாம், அல்லது அறிமுனையின் பாதையில் உள்ள சிறு மின்தடை கெட்டிருக்கலாம். சாலிடர் வேலை தெரிந்தவர் சரிசெய்யக்கூடியவை இவை.

ஒன்பதாவது படியில் செய்ய வேண்டிய முடிவை முதல் படியிலேயே செய்வதுதான் பலருக்கும் பணம் போகும் வழி.

பொய்ச் சாட்சி

கடைகளில் மலிவாக ஓர் இணைப்பான் கிடைக்கிறது. ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா கனெக்டரைக் கிராபிக்ஸ் கார்டின் ஆறு முனையாக மாற்றித் தரும். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள். ஒவ்வொன்றின் தாங்குதிறன் 1.5 ஆம்பியர். ஆக 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஆனால் இணைப்பானின் மறுமுனையில் அறிமுனை கிரவுண்டுடன் சேர்க்கப்பட்டிருப்பதால், கார்டு "75 வாட் எடுக்கலாம்" என்று நம்புகிறது. செய்தி மறைந்துவிடும்; பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். அறிமுனையை ஒரு துண்டு ஒயரால் கிரவுண்டில் முடிந்துவிடும் வேலையும் இத்தகையதே. முறையீட்டை அடக்குவது குறையைத் தீர்ப்பது ஆகாது. குழந்தை அழுகிறது என்று வாயைப் பொத்துவதற்கு ஒப்பானது அது.

மதர்போர்டின் பிராசஸருக்குப் போகும் எட்டு முனைக் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அதில் நான்கு 12 வோல்ட், நான்கு கிரவுண்டு, வரிசைகளும் தலைகீழ். துளைகளின் வடிவம் வேறு என்பதால் எளிதில் நுழையாது. நுழையாததை அழுத்தி நுழைத்தால் 12 வோல்ட் நேரே கிரவுண்டில் பாயும். அது நான்கும் நான்குமாகப் பிரியும். கிராபிக்ஸ் கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இதுவே அடையாளம்.

தளர்ந்த தொடுகையும் வெப்பமும்

கனெக்டர் இறுக்கமாக இருக்கவேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்பியர். மூன்று முனைகள் சமமாகப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 4.17 ஆம்பியர். தொடும் இடத்தின் மின்தடை 10 மில்லி ஓம் என்று கொண்டால், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கக் கிடைப்பது 0.17 வாட். இது கைக்குச் சூடே தெரியாது. இரண்டு முனைகள் தளர்ந்து, முழு மின்னோட்டமும் ஒன்றிலேயே போனால் வெப்பம் ஒன்பது மடங்காகி 1.56 வாட் ஆகும். அந்த முனையும் கறுத்து அதன் மின்தடை 50 மில்லி ஓம் ஆனால், ஏறக்குறைய 7.8 வாட். ஒரு சிறு எல்.இ.டி. பல்பு எடுக்கும் திறன் முழுவதும் அரிசிமணி அளவுள்ள இடத்தில் வெப்பமாகிறது. சூட்டினால் உலோகம் மேலும் கறுக்கும். கறுத்தால் மின்தடை மேலும் ஏறும். இவ்வாறு தீமை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்குச் சான்று உண்டு. 2022-இல் பதினாறு முனைகள் கொண்ட புதிய கனெக்டர் வழக்கத்துக்கு வந்தது. ஒரே கேபிளில் 600 வாட் வரை தருவது அதன் நோக்கம். மின்சாரத்துக்குப் பன்னிரண்டு பெரிய முனைகள்; சாட்சிக்கு நான்கு சிறிய முனைகள். 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு முனைகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த, 450 வாட் தேவையுள்ள ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் கனெக்டர் உருகியது. முழுமையாகச் செருகப்படாமையே பொதுவாகக் காணப்பட்ட குறை என்று தயாரித்த என்விடியா நிறுவனம் நவம்பரில் அறிவித்தது. 2023-இல் திருத்தப்பட்ட கனெக்டர் வந்தது. அதில் மின்முனைகளைச் சற்று நீட்டி, அறிமுனைகளைக் குட்டையாக்கினார்கள். அதனால் மின்முனைகள் நன்கு பதிந்த பிறகே அறிமுனைகள் தொடும், பாதி செருகினால் சாட்சி கிடைக்காது, கார்டும் இயங்காது. முறையிடும் கார்டு நல்ல கார்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வாங்குவோர் கவனிக்க

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக எழுதிய வாட்டை மட்டும் பார்க்கக் கூடாது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 450 வாட் என்று எழுதி, 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்றிருந்தால், அதில் உண்மையில் கிடைப்பது 216 வாட்டே. பிராசஸருக்கு 65, கார்டுக்கு 125, மற்றவைக்கு 40 என்று கூட்டினால் 230 ஆகிறது. இந்தச் சப்ளை தாங்காது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்; ஏமாற வேண்டியதில்லை.

முடிவுரை

வகுப்பறையில் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிப் படிக்கிறோம். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அதே விதிதான் ஒரு ஸ்டுடியோவின் மேசையின் கீழ் ஒரு கறுப்பு ஒயருக்குள் இருந்துகொண்டு, ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. கருவி ஒன்று முறையிடும்போது அது எதைக் கண்டு முறையிடுகிறது என்று முதலில் கேட்கவேண்டும். அது பார்க்கும் இடத்தை நாமும் பார்க்கவேண்டும். அளந்த பிறகே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

நம் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர் கிராமங்களிலிருந்து வருபவர்கள். ஊரில் நம்மைப் "படிக்கிற பிள்ளை" என்று நம்பி ஒரு பழைய கணிப்பொறியையோ, பம்பு செட்டையோ, தையல் இயந்திரத்தின் மோட்டாரையோ காட்டுபவர்கள் இருக்கிறார்கள். விலையுயர்ந்த பொருளைத் தூக்கி எறியச் சொல்லுமுன், ஒரு மல்டிமீட்டரும் அரைமணி நேரப் பொறுமையும் கொண்டு பார்த்துச் சொல்லுவோம். படித்த படிப்பு அந்த இடத்தில்தான் பயன்படத் தொடங்குகிறது.